உப்புக்காற்று ஊரில் பழைய மின்சாதனம்: பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா? அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

கடலை ஒட்டிய கடலூர் தேவனாம்பட்டினத்தில் நாலு வருஷம் ஓடிய டிவியையும் உள்ளே தள்ளியிருக்கும் நெய்வேலியில் பத்து வருஷம் ஓடிய டிவியையும் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தால், இரண்டும் ஒரே கோலத்தில் இருக்கலாம். அதனால் இந்தக் கரையில் "வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு?" என்ற கேள்வி பாதி தூரத்துக்குத்தான் வரும். உப்பு எதுவரை உள்ளே போயிருக்கிறது என்பதுதான் மீதிப் பாதி. தேய்ந்துபோன பாகத்தை மாற்றிவிடலாம். உப்பு அரித்தது ஒரு பாகத்தோடு நிற்காமல் போர்டின் உள்ளடுக்குக்கோ, ஃபோமுக்குள் புதைந்த குழாய்க்கோ போயிருந்தால், இன்றைக்குச் சரிசெய்தாலும் அடுத்த ஐப்பசி மழைக்குள் மறுபடி நிற்கும்.

உப்பு தானாக ஒன்றும் செய்வதில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடியில் பார்ப்பதுதான். போர்டின் மேல் படிந்த உப்புத்தூசியும் அப்படியே கசிகிறது. அந்தக் கசிவின் வழியே கரண்ட் பாயும்போது செம்புத்தடம் கரைகிறது. ஓடுகிற சாதனம் சூட்டில் ஈரத்தை விரட்டிவிடும். வாரக்கணக்கில் ஓடாமல், பிளக் மட்டும் செருகியபடி கிடப்பதுதான் சீக்கிரம் போகும். ஊருக்குப் போகும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கிவிட்டுப் போங்கள்.

திறந்து பார்க்கும்போது மூன்று நிறங்களைத் தேடுங்கள். இரும்பில் செந்துரு, அலுமினியத்தில் வெள்ளை மாவு, செம்பில் பச்சைக் களிம்பு. திருகுகளிலும் மூடியின் உள்பக்கத்திலும் மட்டும் துரு இருந்தால் பயப்பட வேண்டாம். சூட்டை வெளியேற்றும் அலுமினியத் துண்டான ஹீட்சிங்க்கில் வெள்ளை மாவு தெரிந்தால் பிரஷ்ஷால் தட்டிவிட்டு மேலே போகலாம். பச்சைக் களிம்பு எங்கே இருக்கிறது என்பதில்தான் தீர்ப்பே இருக்கிறது. ஒயர் நுனியிலும் பெரிய கனெக்டரிலும் இருந்தால் சுத்தம் செய்யலாம், வெட்டிப் புதிதாகப் பற்றவைக்கலாம். ஐசியின் (கறுப்புச் சில்லு) கால்களுக்கு நடுவே மயிரிழைபோலப் பச்சை ஓடியிருந்தால், அல்லது தடத்தின் மேலுள்ள பச்சை வார்னிஷ் கொப்பளித்து அதன் அடியில் கறுத்திருந்தால், அந்த போர்டுக்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

கையில் இரண்டு கருவிகள் வேண்டும். ஒன்று, கண்டன்சரின் (கெப்பாசிட்டர்) கொள்ளளவை மைக்ரோஃபாரட்டில் அளக்கக்கூடிய மல்டிமீட்டர். இன்னொன்று சீரிஸ் லேம்ப்: 60 வாட் குண்டு பல்பு ஒன்றை ஃபேஸ் ஒயரில் தொடராக இணைத்த பிளக் பாயிண்ட். சந்தேகமுள்ள டிவி போர்டையோ அடாப்டரையோ அதில் செருகினால், பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கினால் உள்ளே ஷார்ட் இல்லை. முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் ஷார்ட். நேராக மெயினில் போட்டுத் திரும்பத் திரும்ப ஃபியூஸ் எரிப்பதை இது தடுக்கும்.

ஒரு எச்சரிக்கை. 230 வோல்ட்டை நேர்மின்சாரமாக்கினால் சுமார் 325 வோல்ட். டிவி, ஏசி, வாஷிங் மெஷின் போர்டுகளில் உள்ள பெரிய உருளைக் கண்டன்சர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதைச் சேர்த்து வைத்திருக்கும். பத்து நிமிடம் விட்டு, மீட்டரில் அளந்து பார்த்து, அதற்குப் பிறகே கை வையுங்கள். மைக்ரோவேவ் அவனையும் பழைய குழாய் டிவியையும் வீட்டில் திறக்கவே கூடாது. இரண்டிலும் உயிரை எடுக்கும் வோல்டேஜ் உண்டு.

ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, அல்லது முனகிக்கொண்டு நிற்கிறது

முதலில் வீட்டு வோல்டேஜை அளங்கள். சாயங்காலம் 180க்கு இறங்கினால் எந்த ஃபேனும் தளர்ந்துதான் சுற்றும். வோல்டேஜ் சரியாக இருந்தால் ரெகுலேட்டரைத் தவிர்த்து நேராகக் கொடுத்துப் பாருங்கள். படிப்படியாகத் திருப்பும் ரெகுலேட்டருக்குள்ளும் கண்டன்சர்கள் உண்டு, அவையும் போகும்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் ஃபேனின் மேல்கிண்ணத்தில் உள்ள கண்டன்சரைக் கழற்றி அளங்கள். பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட், சிலவற்றில் 3.15. எழுதியிருப்பது 2.5 என்று இருந்து மீட்டர் 1.8 காட்டினால் அதுதான் காரணம். நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை. வேகம் கூடும் என்று 4 மைக்ரோஃபாரட் போடச் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள், காயில் சூடேறிக் கருகும்.

கையால் சுழற்றிவிட்டால் ஓடுகிறது, தானாகக் கிளம்பவில்லை என்றாலும் கண்டன்சர்தான். கையால் சுற்றும்போதே கரகரவென்று இருந்தால் பேரிங். அதன் நம்பர் விளிம்பிலேயே பொறித்திருக்கும், அதே நம்பரில் வாங்குங்கள். காயில் எரிந்த வாடை வந்தால் ரீவைண்டிங் செய்வதா என்ற கேள்வி வரும். கூலியும் செம்பும் சேர்ந்து புது ஃபேன் விலையில் பாதியைத் தொட்டால் வேண்டாம்.

இங்கே ஒரு கணக்கு பார்க்கலாம். பழைய ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும், காந்தமும் மின்னணு போர்டும் வைத்து ஓடும் பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டுக்குப் பக்கம். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் 60 நாளில் மிச்சம் சுமார் 40 யூனிட். உங்கள் மின்கட்டணத்தின் கடைசி ஸ்லாப் (கட்டணப் படி) யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று வைத்தால் 240 ரூபாய். 3,000 ரூபாய் ஃபேன் இரண்டு வருஷத்தில் போட்ட காசை எடுத்துவிடும். இதில் பார்க்க வேண்டியது கடைசி ஸ்லாப்பைத்தான், சராசரி விலையை அல்ல. மிச்சமாகிற யூனிட் எல்லாம் மேலிருந்துதான் குறையும். கடலூரில் இரண்டு மாத ரீடிங் 500ஐத் தாண்டிய வீட்டுக்கு ஸ்லாப்பே மாறிவிடும் என்பதால் லாபம் இன்னும் கூடும். ஆனால் பிஎல்டிசி ஃபேனுக்குள் ஒரு போர்டு இருக்கிறது. கடலைப் பார்த்த திண்ணையிலும் பால்கனியிலும் உப்பு அந்த போர்டைத்தான் முதலில் பிடிக்கும். அங்கே பழைய காயில் ஃபேனே இருக்கட்டும், படுக்கையறையில் மட்டும் புதிதை மாட்டுங்கள்.

எந்த ஃபேனாக இருந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறை மேல்கிண்ணத்தை இறக்கி, கொக்கி, போல்ட், அதன் நுனியில் வளைத்துவிட்ட ஸ்ப்ளிட் பின் மூன்றையும் பாருங்கள். பின் துருப்பிடித்து உதிர்ந்தால் நட் கழலும், நட் கழன்றால் ஃபேன் கீழே. இந்தப் பின் சில ரூபாய்தான்.

புயலுக்குப் பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் போய்விட்டது

2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்தது. இப்படிக் கம்பம் சாய்கிற நாட்களிலும், சாதாரண மழைக்காற்றிலும்கூட, கம்பத்தில் நியூட்ரல் ஒயர் அறுந்தால் உங்கள் வீட்டுக்கும் வேறு ஃபேஸில் உள்ள பக்கத்து வீட்டுக்கும் நடுவில் 415 வோல்ட் பங்குபோடப்படும். எந்த வீட்டில் லோடு குறைவோ அங்கே வோல்டேஜ் ஏறும். சில பல்புகள் கண்ணைக் கூசும் வெளிச்சத்திலும் சில மங்கியும் எரிந்தால் யோசிக்காமல் மெயினை அணையுங்கள்.

அணைக்க முடியாமல் போய், டிவி, செட்டாப் பாக்ஸ், இணைய ரௌட்டர், ஃப்ரிட்ஜ் போர்டு என்று வரிசையாகப் படுத்துவிட்டால், உடனே எல்லாவற்றுக்கும் புதிது வாங்கக் கணக்குப் போடாதீர்கள். இந்த வகைச் சேதத்தில் பலவற்றைக் காப்பாற்றலாம்.

அடாப்டரில் ஓடுபவை எளிது. ரௌட்டருக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் பெரும்பாலும் அடாப்டர்தான் பலியாகியிருக்கும். அடாப்டர் மேல் எழுதிய வோல்ட் அதேயாக இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. நடுமுனை பிளஸ்ஸா மைனஸா என்ற படத்தையும் ஒத்துப் பாருங்கள்.

டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் போர்டில், கரண்ட் உள்ளே வரும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கண்ணாடி ஃபியூஸும், அதை ஒட்டி நீல மாத்திரை போன்ற வட்டத் தகடும் இருக்கும். தகட்டின் மேல் 10டி471 அல்லது 14டி471 என்று இருக்கும். இதுதான் வேரிஸ்டர். முதல் எண் விட்டம், 471 என்றால் 470 வோல்ட். வோல்டேஜ் எகிறும்போது இது தன்னை ஷார்ட்டாக்கிக்கொண்டு ஃபியூஸை எரித்து, பின்னால் இருப்பவற்றைக் காப்பாற்றும். இது வெடித்துக் கறுத்து, மற்றவை சுத்தமாக இருந்தால் அது தன் வேலையைச் செய்துவிட்டது என்று அர்த்தம். அதே நம்பர் வேரிஸ்டர், அதே ஆம்பியர் ஃபியூஸ், சீரிஸ் லேம்ப்பில் ஒரு சோதனை, அவ்வளவுதான்.

ஃபியூஸைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கண்ணாடி தெளிவாக இருந்து உள்கம்பி மட்டும் அறுந்திருந்தால் அடி லேசானது. கண்ணாடியின் உட்புறம் கரிபூசி, வெள்ளிக் கண்ணாடிபோல மின்னினால் பெரிய ஷார்ட். கரண்டை நேர்மின்சாரமாக்கும் பிரிட்ஜ் டையோடும், அதை வேகமாகத் திறந்து மூடும் மாஸ்ஃபெட்டும் போயிருக்கும், மாஸ்ஃபெட் போகும்போது அதை இயக்கும் ஐசியையும் பெரும்பாலும் கூட்டிக்கொண்டு போகும். அப்போதும் தனி பவர் போர்டு உள்ள டிவியாக இருந்தால் அந்த போர்டை மட்டும் மாற்றலாம். ஃபியூஸுக்குப் பதில் செம்புக்கம்பி சுற்றிக் கொடுக்கிற கடையில் மறுபடி கால் வைக்காதீர்கள்.

இந்தச் சேதத்தை மறுபடி வராமல் செய்ய மெயின் போர்டில் ஓவர்-அண்டர் வோல்டேஜ் புரொடெக்டர் ஒன்றை எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டுங்கள். வோல்டேஜ் 270ஐத் தாண்டினாலோ 170க்குக் கீழே போனாலோ வீட்டையே துண்டித்து, சீரானதும் தானே சேர்க்கும். ஒரு டிவி போர்டு ரிப்பேரின் செலவுக்குள் இது வந்துவிடும்.

இன்னொன்று. எல்லாம் போகாமல் ஒன்று மட்டும் "டப்" என்று போயிருந்தால் மூடியைத் திறந்து பல்லியைத் தேடுங்கள். ஏசியின் வெளி யூனிட், இன்வெர்ட்டர், வாஷிங் மெஷின் மூன்றிலும் கதகதப்புக்காகப் பல்லி போர்டில் ஏறி, இரண்டு தடத்துக்கு நடுவே ஒட்டிக் கருகும். கரி படிந்த இடத்தைச் சுரண்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவி, போன பாகத்தை மாற்றினால் போர்டு பிழைக்கும். கரியை அப்படியே விட்டால் அதன் வழியே கரண்ட் பாய்ந்து மறுபடி வெடிக்கும்.

டிவியில் சத்தம் வருகிறது, படம் இல்லை

அறையை இருட்டாக்குங்கள். டிவியைப் போட்டு, செல்போன் டார்ச்சைத் திரைக்கு ஓரங்குலம் பக்கத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஆட்கள் அசைவது நிழலாகத் தெரிந்தால் பேனலும் போர்டும் நன்றாக இருக்கின்றன, பின்விளக்கு மட்டும் போய்விட்டது. இது டிவிக்கு வரும் நோய்களில் செலவு செய்யத் தகுந்த நோய்.

பின்னால் இருக்கும் எல்இடி விளக்குகள் மாலைபோலத் தொடராகக் கோக்கப்பட்டவை. ஒன்று அறுந்தால் அந்த வரிசையே இருட்டு. அப்படியானால் ஒன்றை மட்டும் மாற்றலாமே என்று தோன்றும். மாற்றலாம், ஆனால் மற்றவையும் அதே சூட்டில் அதே மணிக்கணக்கு எரிந்தவை. இரண்டு மாதத்தில் இன்னொன்று போகும், மறுபடி பேனலைக் கழற்ற வேண்டும். ஆபத்து இருப்பது அந்தக் கழற்றலில்தான். அதனால் விளக்குகள் வரிசையாகப் பதித்த பட்டையை, அதாவது ஸ்ட்ரிப்பை, முழு செட்டாக மாற்றுங்கள். ஸ்ட்ரிப்பில் அச்சிட்ட நம்பர், ஒரு ஸ்ட்ரிப்பில் எத்தனை விளக்கு, ஒரு விளக்கு 3 வோல்ட்டா 6 வோல்ட்டா என்ற மூன்றும் ஒத்துப்போக வேண்டும். இங்கே கிடைக்கவில்லை என்றால் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். நம்பரைப் படமெடுத்து அனுப்பி, இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு பஸ் ஏறுங்கள். பஸ் செலவும் ரிப்பேர் கணக்கில்தான் சேரும்.

பேனலின் கீழ்விளிம்பிலோ மேல்விளிம்பிலோ சினிமா ஃபிலிம் துண்டுபோல மெல்லிய ரிப்பன்கள் கண்ணாடியிலிருந்து போர்டுக்கு வரும். பேனலைத் தூக்கும்போது அதில் ஒன்று மடிந்து கிழிந்தால் டிவி அதோடு முடிந்தது. 43 அங்குலத்துக்கு மேல் என்றால் இரண்டு பேர், கண்ணாடியைக் கவ்விப் பிடிக்கும் ரப்பர் கப்புகளோடு தூக்குகிற கடையில் மட்டும் கொடுங்கள். வேலை முடிந்து வந்ததும் படத்தின் அமைப்பில் பேக்லைட்டை 100இலிருந்து 60, 70க்கு இறக்கிவிடுங்கள். ஸ்ட்ரிப்பைக் கொல்வது அந்தச் சூடுதான்.

திரையில் அங்கங்கே வெள்ளை வட்டங்கள், தெருவிளக்கைப் பார்ப்பதுபோல. இது விளக்கின் மேல் ஒட்டிய லென்ஸ் மூடி விழுந்ததால் வருவது. பாகமே வாங்க வேண்டாம், ஒட்டினால் போதும். கூலி மட்டும்.

செங்குத்துக் கோடுகள், பாதித் திரை வெளுத்துப் போவது, காலையில் போட்டதும் கோடு தெரிந்து டிவி சூடானதும் மறைவது: இவை வேறு சாதி. சட்டத்தின் விளிம்பில் ரிப்பன் வரும் இடத்தில் விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். கோடு மாறினால் ரிப்பன் கண்ணாடியோடு ஒட்டிய இடம் விட்டுப்போயிருக்கிறது. கடலோரத்தில் ஈரமும் உப்பும் நுழைகிற வாசல் இதுதான். மெஷினில் வைத்து மறுபடி ஒட்டித் தருகிறார்கள், ஆனால் அரித்த தடத்தின் மேல் ஒட்டியது அதிக நாள் நிற்காது. பேனலை மாற்றினால் புது டிவி விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இந்த அறிகுறிக்கு எங்கள் பதில் ஒன்றுதான்: புதிது வாங்குங்கள். கோட்டோடு பார்க்க முடிந்தால் பார்த்துக்கொண்டே இருங்கள், அதற்காக ஒரு ரூபாய் செலவழிக்காதீர்கள்.

சிவப்பு விளக்கே எரியவில்லை என்றால் முன்பு சொன்ன ஃபியூஸ், வேரிஸ்டர் வழி. சிவப்பு விளக்கு எரிந்து டிவி கிளம்பவில்லை, அல்லது லோகோ வந்து வந்து நிற்கிறது என்றால் பவர் பகுதியில் தலை உப்பிய கண்டன்சர் இருக்கிறதா பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டிய மேல்தகடு வடைபோல எழும்பியிருக்கும். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி என்று எழுதியது வாங்குங்கள். கண்டன்சர்கள் சரியாக இருந்தும் லோகோவிலேயே நின்றால் சாஃப்ட்வேர் ஏற்ற வேண்டும், அதற்குக் கடை வேண்டும்.

பரணில் கிடக்கும் குழாய் டிவி, 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்த 14 அங்குலமாக இருந்தாலும் சரி, பழுது பார்க்க வேண்டாம். அதன் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. செம்புக் காயிலுக்காக உடைக்கிறவர்களிடமும் கொடுக்காதீர்கள்.

ஃப்ரிட்ஜ் ஓடுகிறது, குளிரவில்லை

"கேஸ் இறங்கிடுச்சு" என்பது இந்த ஊரில் ஃப்ரிட்ஜுக்குச் சொல்லப்படும் முதல் தீர்ப்பு. அது கடைசித் தீர்ப்பாக இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜின் கேஸ் தேய்கிற பொருள் இல்லை, ஓட்டை விழுந்தால் மட்டுமே வெளியே போகும்.

காதை வைத்துக் கேளுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை "டிக்" என்று சத்தம், ஒரு முனகல், மறுபடி "டிக்" என்றால் கம்ப்ரெஸர் கிளம்ப முயன்று தோற்கிறது. வோல்டேஜை அளங்கள். அது சரி என்றால் கம்ப்ரெஸரின் பக்கவாட்டில் செருகிய, அதைக் கிளப்பிவிடும் ரிலேயைப் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கழற்றி, காதருகே குலுக்குங்கள். கலகலவென்றால் உள்ளே உடைந்துவிட்டது. உப்பு ஊரில் அதன் முனைகள் கறுத்து உதிர்வதும் சாதாரணம். ரிலேயும், சூடேறினால் துண்டிக்கும் ஓவர்லோடும் சேர்ந்து சில நூறு ரூபாய்.

ரிலே நன்றாக இருந்தால் கம்ப்ரெஸரின் மூன்று முனைகளை ஓம் வைத்து அளங்கள். மூன்று ஜோடி அளவுகளில் இரண்டைக் கூட்டினால் மூன்றாவது வர வேண்டும். 12, 18, 30 என்று வந்தால் காயில் நன்று. எந்த முனைக்கும் வெளி இரும்புக்கும் நடுவே மீட்டர் அசையக்கூடாது. அசைந்தால் கம்ப்ரெஸர் முடிந்தது. பத்து வருஷம் தாண்டிய ஃப்ரிட்ஜுக்குக் கம்ப்ரெஸர் மாற்றுவது எங்கள் கணக்கில் நஷ்டம்.

மேலே ஃப்ரீசர் நன்றாகக் குளிர்கிறது, கீழே தக்காளி வாடுகிறது. ஐஸ் தானே கரையும் வகையில் இது பெரும்பாலும் டீஃப்ராஸ்ட் கோளாறு. ஃப்ரீசரின் பின்தட்டுக்கு உள்ளே ஐஸ் பாறையாகக் கட்டி, காற்று இறங்கும் வழியை அடைத்துவிடும். சோதனை எளிது: பொருள்களை எடுத்துவிட்டு, அணைத்து, கதவுகளைத் திறந்து ஒரு முழு நாள் விடுங்கள். மறுபடி போட்டதும் நன்றாகக் குளிர்ந்து, ஒரு வாரம் பத்து நாளில் அதே கதை என்றால் ஐஸைக் கரைக்கும் ஹீட்டர், குளிரில் சேர்ந்து சூட்டில் பிரியும் சுவிட்சான பைமெட்டல், வெப்ப ஃபியூஸ், டைமர் இந்த நான்கில் ஒன்று. ஹீட்டர் 200 முதல் 400 ஓம் வரை காட்டினால் நல்லது. பைமெட்டல் அறைச் சூட்டில் துண்டித்தே காட்டும், அது பழுதல்ல. ஐஸில் வைத்து உறைய விட்ட பிறகு அளக்க வேண்டும். இது தெரியாமல் நல்ல பைமெட்டலைத் தூக்கி எறிகிறார்கள். நான்கில் எது போனாலும் பழுது பார்க்கலாம். கேஸை யாரும் தொட வேண்டிய அவசியமே இல்லை.

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசரின் ஒரு மூலையில் மட்டும் ஐஸ் பிடித்து மற்ற இடம் வெறுமையாக இருந்தால் கேஸ் குறைந்திருக்கிறது. இப்போது மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை மூன்று. "அண்ணா, லீக் எங்க இருக்கு? டிரையர் மாத்துவீங்களா? கேஸை எடை போட்டு ஏத்துவீங்களா?" லீக்கைத் தேடாமல் ஏற்றிய கேஸ், வந்த வழியே போகும். குழாயைத் திறந்தால் ஈரத்தை உறிஞ்சும் வடிகட்டியான டிரையரை மாற்றியே ஆக வேண்டும், அரை மணி நேரமாவது வேக்குவம் இழுக்க வேண்டும், லேபிளில் போட்ட கிராம் அளவுக்கு ஏற்ற வேண்டும். லேபிளில் ஆர்-600ஏ என்று இருந்தால் அது தீப்பற்றும் வாயு. ஜன்னலைத் திறந்து, குழாயில் உள்ளதை வெளியேற்றிய பிறகே நெருப்பு பக்கத்தில் வரலாம். அதற்குப் பதில் ஆர்-134ஏ ஏற்றித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அந்தக் கம்ப்ரெஸர் அதற்காகச் செய்யப்படவில்லை.

லீக் எங்கே என்பதைப் பொறுத்துத்தான் முடிவு. பின்புறம் வெளியே தெரியும் கருப்புக் கம்பிவலையில், பெயிண்ட் கொப்பளித்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் அங்கேதான் ஓட்டை. பற்றவைக்கலாம், பெயிண்ட் அடிக்கலாம், செலவுக்குத் தகும். பக்கச் சுவருக்குள் புதைந்த குழாயில் என்றால் ஃபோமை வெட்ட வேண்டும். வெட்டாதீர்கள், மாற்றுங்கள். ஐஸைக் கத்தியால் குத்தி அலுமினியத் தட்டில் ஓட்டை விழுந்திருந்தால் ஒட்டுப்போட்டது நம்பிக்கைக்குரியதல்ல. வருஷத்துக்குள் கசியும்.

மிக்ஸி, கிரைண்டர்

மிக்ஸி திடீரென்று நின்றால் அடியில் சிவப்புப் பித்தான் வெளியே தள்ளியிருக்கிறதா பாருங்கள். கால் மணி நேரம் ஆறவிட்டு அழுத்துங்கள். மோட்டார் ஓடி பிளேடு ஓடவில்லை என்றால் கப்ளர், அதாவது மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் பல்சக்கரம். அடியில் ஷாஃப்ட்டின் நுனியை ஸ்க்ரூடிரைவரால் பிடித்துக்கொண்டு, மோட்டார் ஓடும் திசையிலேயே கப்ளரைத் திருப்பினால் கழலும். எதிர்த்திசையில் முறுக்கினால் இன்னும் இறுகும், இங்கேதான் பலர் உடைக்கிறார்கள். பொறி அதிகமாகப் பறந்தால் கார்பன் பிரஷ், ஜோடியாக மாற்றுங்கள். பிரஷ் மாற்றியும் பொறி வளையமாகச் சுற்றினால் ஆர்மேச்சர், அதாவது மோட்டாரின் சுழலும் காயில். அப்போது மிக்ஸியின் வயதைப் பார்த்து விட்டுவிடலாம். வெட் கிரைண்டருக்கு பெல்ட், கண்டன்சர், பேரிங்தான் நோய். கல் நன்றாக இருக்கும்வரை அதைத் தூக்கிப்போட வேண்டாம்.

வாஷிங் மெஷின்

தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஏறினால் பின்பக்கக் குழாய் நுழையும் இடத்தில் உள்ள சின்னச் சல்லடையைக் குறட்டால் இழுத்து, எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துத் தேயுங்கள். போர் தண்ணீரில் சுண்ணாம்பு ஏறி அடைத்திருக்கும். முன்பக்கக் கதவு மெஷின் பிழியும்போது விமானம்போல இரைந்தால் டிரம்மை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். தடதடவென்றால் பேரிங். சில மாடல்களில் தொட்டியை ஒட்டி மூடியிருப்பார்கள், பேரிங்கை மட்டும் மாற்ற முடியாது. டிரம்மைத் தாங்கும் மூன்று கை அலுமினியச் சட்டமும் உப்புத் தண்ணீரிலும் சோப்பிலும் அரிக்கும். அது உடைந்திருந்தால் முடிந்தது. ஒன்றுமே வேலை செய்யவில்லை என்றால் போர்டைக் குறைசொல்லும் முன் அடியில் எலி கடித்த ஒயரைத் தேடுங்கள்.

இன்வெர்ட்டர் பத்து நிமிடத்தில் கத்துகிறது

பெரும்பாலும் பேட்டரிதான். முழுக்க சார்ஜ் ஏற்றி, ஆறு அறைகளிலும் ஆசிட்டின் அடர்த்தியை ஹைட்ரோமீட்டரால் அளங்கள். ஐந்து அறைகள் 1.240 என்று காட்டி ஒன்று மட்டும் 1.150க்குக் கீழே இருந்தால் அந்த அறை போய்விட்டது, பேட்டரியும் அதோடு போனதுதான். ஆறும் ஒரேபோலக் குறைவாக இருந்தால் சார்ஜ் சரியாக ஏறவில்லை, இன்வெர்ட்டரைப் பாருங்கள். முனைகளில் பூத்த நீலப்பச்சைப் பொடியைச் சோடா உப்புக் கரைசலால் கழுவி வாசலின் பூசினாலே சிலவற்றில் கோளாறு போகும். டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறெதுவும் ஊற்றாதீர்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் கூடாது.

ஏசியைப் பற்றி ஒரே ஒரு சோதனை: வெளி யூனிட்டின் அலுமினியத் தகட்டை விரலால் தடவுங்கள். மாவாக உதிர்ந்தால் உப்பு தகட்டை அரித்துவிட்டது, கேஸ் ஏற்றுவதற்குப் பணம் கொடுக்காதீர்கள்.

வெள்ளத்தில் மூழ்கியது

எதையும் போட்டுப் பார்க்காதீர்கள். தண்ணீர் இறங்கியதும் பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, போர்டுகளை வெளியே எடுத்து டிஸ்டில்டு வாட்டரால் சேறு போகக் கழுவுங்கள். கழுவாமல் காயவைத்தால் உப்பு போர்டிலேயே தங்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷும் வைத்துத் தேய்த்து, நிழலில் காற்றோட்டமாக மூன்று நாளாவது உலரவிடுங்கள். மோட்டார்களை வைண்டிங் கடையில் மின்கசிவு பார்க்கும் 500 வோல்ட் மெக்கரால் சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் மறுபடி உலர்த்த வேண்டும். மிக்ஸி, கிரைண்டர், ஃபேன், ஃப்ரிட்ஜின் கம்ப்ரெஸர் மழைத்தண்ணீர் வெள்ளத்தில் பெரும்பாலும் பிழைக்கும். ஃப்ரிட்ஜின் சுவர் ஃபோமுக்குள் சேற்றுத் தண்ணீர் புகுந்திருந்தால் நாற்றம் போகாது. டிவி பேனலின் கீழ்விளிம்பு மூழ்கியிருந்தால் விட்டுவிடுங்கள்.

கணக்கும் கைமாற்றும்

பாகம், கூலி, ஆட்டோ எல்லாம் சேர்த்துப் புதிதின் விலையில் 30 சதவீதத்துக்குள் என்றால் பழுது பாருங்கள். 50ஐத் தாண்டினால் வேண்டாம். நடுவில் இருந்தால் அந்தப் பச்சைக் களிம்பு எங்கே இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். ஒரே போர்டு ஒரு வருஷத்தில் இரண்டாம் முறை போனால் மூன்றாம் முறை கொடுக்காதீர்கள். செய்த வேலைக்கு மூன்று மாதம் பொறுப்பேற்பதாகச் சீட்டில் எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள், மாற்றினார்களா என்பது அப்போதுதான் தெரியும். புதுச்சேரி மகாத்மா காந்தி சாலை ஞாயிறு சந்தையில் பழைய போர்டு கிடைத்தால், வாங்கும் முன் அதே மூன்று நிறங்களைத் தேடிப் பாருங்கள்.

கொடுத்துவிடுவது என்று முடிவானால், ஸ்மார்ட் டிவியில் உங்கள் கணக்குகளிலிருந்து வெளியேறி, ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டுக் கொடுங்கள். ரிமோட், அடாப்டர், பவர் கார்டு, ஸ்டாண்டு திருகுகளை எடுத்து வையுங்கள், அடுத்ததற்கு உதவும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, தயாரித்த கம்பெனிக்கே பழையதை மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உண்டு. புதிது வாங்கும் கடையில் எக்ஸ்சேஞ்ச் விலை சொல்லும்போது, பழையது பதிவுபெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் போகிறதா என்று கேளுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஈயத்தின் எடைக்கே நல்ல விலை உண்டு, அதனால் தராசில் எடை போட்டுப் பார்க்காமல் கைமாற்றாதீர்கள். ஆசிட் சிந்தாமல் நிமிர்த்தியே எடுத்துப் போங்கள்.